சென் பாணி தாய் சி: 18, 19, 38 – சுருக்க வரிசைகளில் எதை எடுப்பது?

காலைவகுப்பு:
வணக்கம். வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் என்று நடக்கும் காலை வகுப்புக்கு அடுத்த 12 வாரப் பாடத்தை முடிவுசெய்ய வேண்டும். மொத்தம் 14 பேர். பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் யாங் பாணியின் 24 நிலை வரிசை நன்றாகத் தெரியும், இப்போது சென் பாணி கேட்கிறார்கள். லாவோஜியா யீலுவை, அதாவது சென் பாணியின் பழைய சட்டகத்து முதல் வரிசையை, முழுதாக எடுக்க 12 வாரம் போதாது. 18, 19, 38 மூன்றில் எது பொருந்தும்? சுருக்கினாலே சத்துப் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதில் எவ்வளவு உண்மை? தரை டைல்ஸ். பாதிப் பேர் வெறுங்காலோடு வருவார்கள்.

நூல்கண்டு:
ஐயா, முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். 24 பிறந்த விதம் வேறு, சென் சுருக்கங்கள் பிறந்த விதம் வேறு. 24 என்பது 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் லி தியென்ஜி முதலான ஆசிரியர்களை வைத்து யாங் பாணியிலிருந்து உருவாக்கியது. பள்ளி, தொழிற்சாலை, பூங்கா எங்கும் எல்லோரும் செய்யவேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் வேகம் ஒரே சீர், எளிய நிலைகள் முன்னால், கடினமானவை பின்னால் என்று புதிதாக அடுக்கினார்கள்.

18, 19, 38 மூன்றும் ஹெனான் மாகாணத்து சென்ஜியாகோ கிராமத்து ஆசிரியர்களே தங்கள் பரம்பரை வரிசையிலிருந்து எடுத்துக் கட்டியவை. 18 சென் ஜெங்லேயுடையது, லாவோஜியா யீலுவிலிருந்து வந்தது. 19ஐ சென் ஷியாவ்வாங் 1995இல் அமைத்தார். 38ம் அவருடையதுதான், அதில் லாவோஜியாவும் ஷின்ஜியாவும் (புதிய சட்டகம்) கலந்திருக்கும். இருவருமே சென் குடும்பத்தின் 19ஆம் தலைமுறை. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கற்பித்த ஜு தியென்சாய்க்கு 13 நிலைகள் கொண்ட வரிசை ஒன்று உண்டு. போட்டிக்கென்று 1980களின் இறுதியில் வந்த 56 நிலை வரிசை தனி. அதை இந்த வகுப்புக்கு யோசிக்கவே வேண்டாம்.

18இன் உள்ளடக்கம் இது: தொடக்கம், வச்சிரவீரன் உரல் இடித்தல், அங்கி செருகல், ஆறு அடைப்பு நாலு மூடல், ஒற்றைச் சாட்டை, வெண்கொக்கு சிறகு விரித்தல், சாய்நடை, முழங்கால் தழுவல், திருகுநடை, மறைகைக் குத்து, குதிரையை எட்டித் தடவல், இடது குதிகால் உதை, தேவமகள் நாடா ஓட்டல், மேகக் கைகள், திரும்பி இரட்டைத் தாமரை உதை, தலைநேர் பீரங்கி, மறுபடி உரல் இடித்தல், முடிவு. தொடக்கத்தையும் முடிவையும் எண்ணித்தான் 18. நிதானமாகச் செய்தால் நாலு முதல் ஆறு நிமிடம். இரண்டரை நிமிடத்தில் முடிகிறதென்றால் நிலைகளுக்கு இடையே உள்ள மாற்றங்களை விழுங்குகிறார்கள் என்று பொருள்.

உங்கள் வகுப்புக்கு 18. முதல் ஐந்து நிலைகள் ஏறக்குறைய லாவோஜியா தொடங்கும் அதே வரிசையில் வருகின்றன. நாளைக்கு முழு வரிசை கற்க விரும்பினால் எதையும் மறக்கவேண்டியதில்லை, நடுவில் செருகிக்கொண்டே போகலாம்.

உலக்கை:
18ஐ எடுங்கள், தடை சொல்லவில்லை. ஆனால் "சத்துப் போகாது" என்று மட்டும் வகுப்பில் சொல்லாதீர்கள். போகிறது. என்ன போகிறது என்று தெரிந்து எடுத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

ஒன்று, திரும்பத் திரும்ப வருவது போகிறது. லாவோஜியாவில் உரல் இடித்தலும் ஒற்றைச் சாட்டையும் வெவ்வேறு நிலைகளிலிருந்து, வெவ்வேறு திசைகளில் பலமுறை வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே நுழையும் வாசல் வேறு. அந்த வேறுபாட்டில்தான் இடுப்பு கற்றுக்கொள்கிறது. 18இல் சாட்டை ஒரே ஒரு முறை, ஒரே வாசலில்.

இரண்டு, பின்னடி. தாவோஜுவான்கோங் என்று பின்னோக்கி நடந்துகொண்டே கைகளைச் சுருட்டும் நிலை லாவோஜியாவில் உண்டு, 18இல் இல்லை. வயதானவர்களுக்குப் பின்னால் அடி வைக்கும் பழக்கம் முக்கியம் என்பதால் இது சின்ன இழப்பு இல்லை. 19இல் அது இருக்கிறது.

மூன்று, இடவலச் சமன். 18இல் ஒற்றைக் காலில் நிலைத்து நிற்கவேண்டிய இடங்களைப் பாருங்கள். இரண்டு உரல் இடித்தலும் இடது காலில், தாமரை உதையும் இடது காலில், குதிகால் உதை மட்டும் வலது காலில். குத்து வலது கையில் மட்டும். 19இல் வலது, இடது இரண்டு குதிகால் உதையும் இருக்கின்றன, மறைகைக் குத்தும் இருபுறமும் வருகிறது. ஆனால் 19இல் ஒற்றைச் சாட்டையே கிடையாது! சென் பாணியின் முகம் என்று எல்லோரும் நினைக்கிற நிலை அது. ஆக எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று வெளியே நிற்கும்.

தரையில் விழுந்து எழும் தியேசா, துள்ளி உதைக்கும் அர்ச்சி ஜியாவ் போன்றவை இரண்டிலும் இல்லை. அதற்கு நீங்கள் வருந்தவேண்டாம். அந்த வகுப்பில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

நூல்கண்டு:
உலக்கை சொல்லும் மூன்றையும் ஏற்கிறேன். பின்னடிக்கு வழி இருக்கிறது. தாவோஜுவான்கோங்கைத் தனிப் பயிற்சியாக, சுவரோரம், ஆறு காலடி பின்னோக்கி, எடுத்துக்கொள்ளலாம். இடவலச் சமனுக்கு வரிசையைக் கண்ணாடிபோல் புரட்டிச் செய்யச் சொல்லாதீர்கள், 12 வாரத்தில் குழம்பிப்போவார்கள். பட்டு உருவும் பயிற்சியை இரண்டு கைக்கும் ஒரே எண்ணிக்கையில் கொடுத்தால் போதும்.

காலைவகுப்பு:
பட்டு உருவுதலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? 24இலிருந்து வருபவர்கள் கையை வட்டமாகச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். அதற்குமேல் என்ன திருத்துவது என்று பிடிபடவில்லை.

நூல்கண்டு:
சான்ஸீ என்ற சீனப் பெயரே படம்போட்டுக் காட்டுகிறது. வெந்நீரில் கிடக்கும் பட்டுக்கூட்டிலிருந்து இழையை உருவும்போது கை நின்றால் இழை சிக்கும், வெட்டி இழுத்தால் அறும். சீராக, சுற்றிக்கொண்டே வரவேண்டும்.

ஒற்றைக் கைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். வலது கை முன்னால். கால்கள் தோள் அகலத்தைவிட ஓரடி கூடுதல். இடது கை இடுப்பில்.

நாலு கட்டம். (அ) வலது கை வெளியே, தோள் உயரத்தில், உள்ளங்கை முன்பார்த்து. எடை வலது காலில் ஏறக்குறைய 60, இடது காலில் 40. (ஆ) எடை அப்படியே இருக்க, இடுப்பு சற்று வலப்பக்கம் இளக, முழங்கை தணிந்து கை கீழே வருகிறது. (இ) எடை இடது காலுக்கு மாறுகிறது, கை தொடை உயரத்தில் வயிற்றுப்பக்கம் வருகிறது, உள்ளங்கை மேலே திரும்புகிறது, சுண்டுவிரல் வழிகாட்டுகிறது. இதுதான் ஷுன், நேர்ச்சுருட்டு. (ஈ) இடுப்பு இடப்பக்கம் திரும்ப, கை மார்பு உயரத்துக்கு ஏறி உள்ளங்கை புரள்கிறது. இப்போது கட்டைவிரல் வழிகாட்டுகிறது. இது நீ, எதிர்ச்சுருட்டு. பிறகு எடை வலது காலுக்கு மாறும்போது கை வெளியே போகிறது.

உங்கள் மாணவர்கள் (இ)யையும் (ஈ)யையும் ஒன்றாக்கி விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எடை மாறுவதும் இடுப்பு திரும்புவதும் ஒரே நேரத்தில் நடந்தால் கை மட்டும்தான் வட்டம் போடும், உடம்பு ஊசலாடும். எடை முதலில், திரும்பல் பிறகு என்று இரண்டாகப் பிரித்து ஒரு வாரம் செய்யுங்கள். பிறகு தையல் தெரியாமல் சேர்க்கலாம். அடுத்து, முழங்கையைப் பாருங்கள். முழங்கை தோளுக்குச் சமமாக எழும்பினால் சுருட்டு அங்கேயே அறுந்துவிட்டது. எப்போதும் தோளைவிடத் தாழ்வாகத் தொங்கவேண்டும்.

ஒரு கைக்கு 12 சுற்று, இரண்டு கைக்கும், பிறகு இரட்டைக் கை 12. எட்டுப் பத்து நிமிடம் ஆகும். இதற்கு நேரம் இல்லையென்றால் வரிசையில் ஒரு நிலையைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

மூட்டுக்காரன்:
45 வயதுக்கு மேல், டைல்ஸ் தரை, வெறுங்கால் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. சென் பாணியில் முழங்கால் கெடுவதற்கு வழிகள் பல இருந்தாலும் சுருக்க வரிசையில் முக்கியமாக இரண்டு இடங்கள்.

முதலாவது, உரல் இடித்தலின் முடிவில் வலது காலை அடிப்பது. பெயரிலேயே உரல் இருப்பதால் எல்லோரும் இடிக்கிறார்கள். ஆனால் உரலும் உலக்கையும் கையில் இருக்கின்றன: இடது உள்ளங்கை உரல், வலது முஷ்டி உலக்கை. கால் விழுவது அதோடு சேர்ந்து உடம்பு அடங்குவதால். இடது கால் முழு எடையையும் தாங்கி, முழங்கால் மடங்கியபடியே இருக்கவேண்டும். வலது பாதம் தரைக்குச் சற்று மேலிருந்து, தளர்ந்து, முழு உள்ளங்காலும் ஒரே நேரத்தில் விழவேண்டும். எடை உடனே அந்தக் காலுக்குப் போகக்கூடாது. குதிகால் முதலில் பட்டால் அதிர்வு நேராக முதுகெலும்புக்கு ஏறும். முழங்கால் நீட்டியபடி அடித்தால் மூட்டுக்குள்ளே போகும். கான்கிரீட்மேல் ஒட்டிய டைல்ஸுக்குக் கொஞ்சமும் இளக்கம் இல்லை. அங்கே அடிக்கவே வேண்டாம். நுனிக்கால் வைத்து, பிறகு பாதத்தை ஓசையின்றி இறக்கச் சொல்லுங்கள். நிலை குறைபடாது. மண்தரையில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எடை ஏறிய காலின் பாதத்தைத் திருப்புவது. சாய்நடை, திருகுநடை, பீரங்கிக்கு முன் வரும் திருப்பம் மூன்றிலும் இது நடக்கும். பாதம் தரையில் ஒட்டியிருக்க, தொடை திரும்ப, நடுவில் முழங்கால் முறுக்கப்படுகிறது. வெறுங்கால் வியர்த்து டைல்ஸில் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், குதிகாலை அச்சாக வைத்து, நுனிக்காலைத் தூக்கித் திருப்பிய பிறகே எடை திரும்ப வரவேண்டும். மெல்லிய, தட்டையான அடி உள்ள கான்வாஸ் ஷூ போடச் சொல்லுங்கள். ஓட்டப்பயிற்சி ஷூவின் தடித்த மெத்தை அடி இதற்கு உதவாது, பக்கவாட்டில் சரியும்.

முழங்கால் கால்விரலைத் தாண்டக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். அது பாதி உண்மைதான். முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே முக்கியம்: கால்விரல் பார்க்கும் திசையை அதுவும் பார்க்கவேண்டும். அங்கி செருகலில் வலப்பக்கம் எடை ஏறும்போது இடது முழங்கால் உள்ளே சரிவதை எந்த வகுப்பிலும் காணலாம். தொடையிடுக்கு, சீனத்தில் குவா என்கிற மடிப்பு, திறக்காததால்தான் முழங்கால் சரிகிறது. "முழங்காலை வெளியே தள்ளு" என்றால் பாதத்தின் உள்விளிம்பு தூக்கிக்கொள்ளும். "தொடையிடுக்கில் உட்கார்" என்று சொல்லுங்கள். கவடு, தலைகீழ் ப வடிவப் பாலம்போல் வளைந்து நிற்கவேண்டும், ஆப்புபோல் கூர்மையாக அல்ல.

உலக்கை:
மூட்டுக்காரன் சொன்னதோடு அடி வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சாட்டையில் இடது கால் பக்கவாட்டில் போவது தூக்கிப்போட்ட அடி இல்லை. குதிகாலின் உள்விளிம்பு தரையைச் செதுக்குவதுபோல் உரசிக்கொண்டே போகும். எடை முழுக்க வலது காலில். சோதனை எளிது: குதிகால் பட்டதும் நிறுத்தச் சொல்லி, உடம்பை அசைக்காமல் காலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாவிட்டால் அடி நீளம் அதிகம். யூடியூபில் பார்க்கும் அகலத்தை யாரும் அளவாகக் கொள்ளவேண்டாம், அது பல ஆண்டு இடுப்பு திறந்த உடம்பின் அகலம்.

இரட்டைச்சாட்டை:
இழையில் ஷின்ஜியா என்று வந்ததால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "புதிய சட்டகம்" என்ற பெயரைப் பார்த்து அதை நவீன, எளிமையாக்கிய வடிவம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர். 1928இல் பெய்ஜிங்குக்குப் போய் அங்கே கற்பித்த சென் ஃபாகேயின் வழியில் வந்தது அது. மணிக்கட்டு, மார்பு, இடுப்புச் சுருட்டுகள் லாவோஜியாவைவிடக் கூடுதல், ஃபாஜின் எனப்படும் வெடிப்பு விசையும் கூடுதல். சென் ஃபாகேயின் மகன் சென் ஜாவ்குய் 1970களில் அதை சென்ஜியாகோவுக்குக் கொண்டுவந்தபோதுதான் ஊரில் இருந்ததற்கு "பழையது", வந்ததற்கு "புதியது" என்ற பேச்சு நிலைத்தது. அதற்கு முன் 1958இல் ஊர் திரும்பிய சென் ஜாவ்பி கற்பித்தது லாவோஜியா. சென் ஷியாவ்வாங், சென் ஜெங்லே, வாங் ஷியான், ஜு தியென்சாய் நால்வரும் இந்த இருவரிடமும் கற்றவர்கள். 38இல் இரண்டும் கலந்திருப்பதன் காரணம் இதுதான். 38ஐ 18இன் இரட்டிப்பு என்று எண்ணி அடுத்த படியாக வைக்காதீர்கள். அதன் சுருட்டுகள் வேறு வகை.

எண்ணிக்கையையும் அளவுகோலாக்க வேண்டாம். லாவோஜியா யீலுவே சில இடங்களில் 74, சில இடங்களில் 75. எங்கே பிரித்து எண்ணுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. 18இல் சாய்நடை, முழங்கால் தழுவல், திருகுநடை மூன்று எண்கள், உடம்புக்கு அது ஒரே ஓட்டம்.

காலைவகுப்பு:
18 என்று முடிவாகிவிட்டது. 24 பழகியவர்கள் என்பதால் ஒரே பெயரில் வரும் நிலைகளில் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்று சொன்னால் முன்கூட்டியே தயாராகலாம்.

நூல்கண்டு:
ஒற்றைச் சாட்டையில்தான் முதல் தடுமாற்றம். 24இல் இடது கால் முன்னால் போய் வில்நிலை (முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு), உடம்பு இடது கை தள்ளும் திசையைப் பார்க்கும். சென்னில் உடம்பு இரண்டு கைகளுக்கும் நடுவே நேராக, கால்கள் பக்கவாட்டில் அகன்று, இடது கை பக்கத்தில் விரிகிறது. பழக்கத்தில் திரும்பிவிடுவார்கள். மார்புக்கு நேரே சுவரில் ஒரு குறி காட்டி அதைவிட்டு மார்பு விலகக்கூடாது என்று சொல்லுங்கள்.

மேகக் கைகளில் 24 பழகியவர்கள் பாதங்களை இணையாகச் சேர்ப்பார்கள். சென்னில் வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே போகும். அப்போது இடுப்பு கூடவே எழும்பி இறங்கினால் கால் நீளமாகப் போயிருக்கிறது. உயரம் மாறாமல் நடப்பது பிடிபட மூன்று வாரமாவது ஆகும். மூட்டு வலி உள்ளவர்கள் பக்கத்தில் சேர்த்தே வைக்கட்டும்.

குதிகால் உதை 24இல் மெதுவாக நீளும். இங்கே சுருங்கி, பக்கவாட்டில் வெடித்து, உடனே மடங்கும். கைகளும் கூடவே விரியும். உயரம் முழங்கால் அளவு போதும்.

தேவமகள் நாடா ஓட்டலில் லாவோஜியாவில் ஒரு தாவல் திருப்பம் உண்டு. நாடா என்பது தறிநாடா. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் ஓட்டத்தைத்தான் பெயர் சொல்கிறது. தாவாமல் இரண்டு அடியில் நடந்து திரும்பினால் போதும். நடக்கும்போது தலை உயரம் மாறக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேகம். 24இல் ஊறியவர்கள் மறைகைக் குத்தையும் ஒரே சீராக நீட்டுவார்கள். அதைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

உலக்கை:
குத்தைப் பற்றி நானே எழுதலாம் என்று இருந்தேன். முதல் ஆறு வாரம் முழுக்க மெதுவாகத்தான். எடை வலது காலில் திரண்டு, வலது தொடையிடுக்கு மடங்கி, பிறகு வலது பாதம் தரையைத் தள்ள, இடுப்பு இடப்பக்கம் திரும்ப, முஷ்டி புரண்டுகொண்டே போகிறது. அதே கணத்தில் இடது முழங்கை பின்னால் இழுக்கிறது. பின்போகும் முழங்கையும் முன்போகும் முஷ்டியும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். பலர் முழங்கையை மறந்துவிடுகிறார்கள், அதனால் உடம்பு முன்னால் கவிழ்கிறது.

வெடிப்பு வரும்போது மூன்று கோளாறு வரும். முஷ்டியை ஆரம்பத்திலிருந்தே இறுக்கிப் பிடிப்பது: கடைசிக் கணத்தில்தான் இறுகவேண்டும். தோள் காதுக்கு ஏறுவது. முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்டுவது: இதுதான் மறுநாள் முழங்கை வலியாக வரும், கடைசியில் சிறு மடிப்பு விடவேண்டும். ஒரு பாடத்தில் ஐந்தாறு குத்துக்குமேல் வேகமாக விடாதீர்கள்.

காலைவகுப்பு:
உரிய இடங்களில் மெதுவாகவே விட்டுவிடுகிறேன். இதுவரை வந்ததை வைத்து 45 நிமிடத்தை இப்படிப் பிரிக்க நினைக்கிறேன்: மூட்டு தளர்த்தல் 5, நின்ற நிலை 5, பட்டு உருவல் 10, வரிசை 20, பின்னடி 3, முடிவு 2. முதல் மூன்று வாரம் ஒற்றைச் சாட்டை வரை, ஆறாம் வாரத்தில் திருகுநடை வரை, பத்தாம் வாரத்தில் முடிவு வரை, கடைசி இரண்டு வாரம் புதிதாக எதுவும் இல்லை. சரியா?

நூல்கண்டு:
முதல் மூன்று வாரத்தை நாலாக்குங்கள். உரல் இடித்தல், அங்கி செருகல், ஆறு அடைப்பு, சாட்டை நாலிலும் இந்தப் பாணியின் எல்லாச் சுருட்டுகளும் இருக்கின்றன. மேகக் கைகளுக்குப் பின்னால் வருபவை வேகமாகப் போகும், அங்கே ஒரு வாரத்தை மீட்டுவிடலாம்.

மூட்டுக்காரன்:
தாமரை உதைக்கு மட்டும் ஒரு குறிப்பு. வலது கால் இடமிருந்து வலமாக விசிறிபோல் சுற்றும், இரண்டு கையும் பாதத்தின் வெளிவிளிம்பைத் தட்டிச் செல்லும். தட்ட எட்டவில்லை என்று முன்னால் குனிபவர்களும் பின்னால் சாய்பவர்களும் இருப்பார்கள். இரண்டுமே இடுப்புக்குக் கெடுதல். கை காற்றில் போகட்டும், கால் முழங்கால் உயரத்தில் சுற்றட்டும், நிற்கும் இடது முழங்கால் மடங்கியே இருக்கட்டும். தடுமாறுபவர்களுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.